டோர்பெல்: ஒரு மலையூரின் மாட்டுக் கணக்கு

குளிர்காலம் முழுவதும் தன் தொழுவத்தில் எத்தனை மாடுகளுக்குத் தீனி போட ஒருவரால் முடியுமோ, அத்தனை மாடுகளை மட்டுமே அவர் கோடையில் ஊர்ப் பொது மேய்ச்சலுக்கு ஓட்டலாம். இன்றைய சுவிட்சர்லாந்தில் உள்ள ஒரு மலையூர், 1517-இல் தனக்குத் தானே விதித்துக்கொண்ட விதி இது. ஊரின் பெயர் டோர்பெல். அதிகாரி யாரும் மேலிருந்து அனுப்பிய ஆணை அல்ல. மாடு வைத்திருந்தவர்களே கூடிப் பேசி எழுதிக்கொண்டது. சில நூற்றாண்டுகள் அந்த விதி நடைமுறையில் இருந்தது. அந்த மேய்ச்சல் நிலமும் அழியவில்லை.

ஒன்பதாம் வகுப்பில் ஒருமுறை எங்கள் ஊரின் நிலப் பயன்பாட்டைப் பட்டியலிடச் சொன்னேன். நன்செய், புன்செய், வீட்டுமனை எல்லாம் எழுதிய மாணவர்கள், கண்மாய்க் கரையையும் மேய்ச்சல் நிலத்தையும் விட்டுவிட்டார்கள். கேட்டபோது, "அது புறம்போக்கு டீச்சர், யாருக்கும் சொந்தமில்லை" என்று பதில் வந்தது. நம் மொழியில் அந்தச் சொல் வசவாகவே மாறிவிட்டது. ஊர் முழுவதற்கும் உரியது என்ற நிலை, எப்படி யாருக்கும் உரியதல்ல என்று பிள்ளைகள் மனத்தில் பதிந்தது? இதை விளக்க எனக்கு ஓர் எடுத்துக்காட்டு தேவைப்பட்டது. பொதுச்சொத்தின் கதை நூற்றாண்டுக் கணக்கில் எழுத்தில் பதிவாகியிருக்கும் ஊராக அது இருக்க வேண்டும். டோர்பெல் அப்படிப்பட்ட ஊர். நிலம் கைமாறியதைப் பற்றி அங்கு கிடைக்கும் ஆவணங்கள் 1224ஆம் ஆண்டு வரை பின்னோக்கிப் போகின்றன.

தெற்கு சுவிட்சர்லாந்தில் வாலே என்றொரு மாநிலம் உண்டு. அங்கே ஃபிஸ்ப் ஆறு ஓடும் பள்ளத்தாக்கின் சரிவில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர் உயரத்தில், டோர்பெல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் உதகையைவிட உயரம் குறைவுதான். ஆனால் பூமியின் வடக்கே வெகு தூரம் தள்ளி இருப்பதால் குளிர்காலத்தில் ஊரே பனியால் மூடிவிடும். இன்று அங்கே சுமார் 500 பேர் வசிக்கிறார்கள். பேச்சுமொழி ஜெர்மன், சமயம் கத்தோலிக்கக் கிறிஸ்தவம். ஆல்ப்ஸ் என்றாலே மழையும் பசுமையும் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் இந்தப் பள்ளத்தாக்கு சுவிட்சர்லாந்திலேயே மழை குறைந்த பகுதிகளில் ஒன்று. சுற்றியுள்ள உயர்ந்த மலைகள் மழை மேகங்களை மறித்துவிடுகின்றன. மழை மறைவுப் பகுதியைப் பாடத்தில் நடத்துகிறோமே, அதற்கு இது நல்ல சான்று.

மலையூரில் நிலத்தைக் கிடைமட்டமாகப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. செங்குத்தாகப் பார்க்க வேண்டும். கீழே பள்ளத்தாக்கை ஒட்டி, வெயில் சுடும் சரிவுகளில் திராட்சைத் தோட்டங்கள். ஊரைச் சுற்றிக் காய்கறித் தோட்டங்களும், ரை என்னும் தானியம் விளையும் சிறு வயல்களும். அவற்றோடும் அவற்றுக்கு மேலும், புல் வளர்த்து அறுத்து உலர்த்திச் சேமிக்கும் புல்வயல்கள். அதற்கு மேலே காடு. காட்டுக்கும் மேலே, மரம் வளராத உயரத்தில், கோடையில் மட்டும் பனி விலகித் தலைகாட்டும் மேய்ச்சல் வெளி. அந்த வெளியைத்தான் அவர்கள் 'ஆல்ப்' என்கிறார்கள். நாம் சிகரத்தின் பெயராக நினைக்கும் சொல், அவர்கள் பேச்சில் மாடு மேயும் இடத்தைக் குறிக்கிறது. என் மாணவர்களுக்கு இந்தச் செய்தி மிகவும் பிடித்திருந்தது.

ஒரு குடும்பத்துக்கு இந்த அடுக்குகள் ஒவ்வொன்றிலும் துண்டு துண்டாக நிலம் இருக்கும். பெற்றோரின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்பது அங்கே பழைய வழக்கம். அதனால் நிலம் மட்டுமல்ல, தொழுவமும் களஞ்சியமும் வீடும்கூடப் பங்காகப் பிரிந்தன. மரத்தால் கட்டிய அடுக்கு வீட்டில் ஒரு தளம் ஒருவருக்கு, இன்னொரு தளம் அவர் உறவினருக்கு. தொழுவத்தில் நாலில் ஒரு பங்கு, களஞ்சியத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று உரிமை உண்டு. பின்னம் நடத்தும் கணித ஆசிரியர்கள் இதைக் கவனிக்கலாம். களஞ்சியங்களைத் தரையில் வைத்துக் கட்டுவதில்லை. குட்டையான மரக்கால்களின் மேல், கால் ஒவ்வொன்றின் தலையிலும் அகலமான தட்டைக்கல் ஒன்றை வைத்து, அதற்கு மேலேதான் அறை. காலில் ஏறி வரும் எலி, கல்லின் அடிப்பக்கத்தைத் தாண்ட முடியாமல் திரும்பிவிடும். வாலே மலையூர்களில் இன்றும் இவற்றைக் காணலாம்.

இவ்வளவு தூரம் தனிச்சொத்தைத் துல்லியமாகப் பங்கிடத் தெரிந்தவர்கள், மேய்ச்சல் வெளியை மட்டும் ஏன் பங்கு போடவில்லை? டோர்பெல் மக்கள் ஐந்தைப் பொதுவில் வைத்திருந்தார்கள்: உயர மேய்ச்சல் வெளி, காடு, தரிசு, பாசன வாய்க்கால்கள், இவற்றையும் தனியார் நிலங்களையும் இணைக்கும் பாதைகள். 1483 பிப்ரவரி 1 அன்று ஊரார் கூடி ஓர் ஆவணத்தில் ஒப்பமிட்டு, மேய்ச்சல் வெளி, காடு, தரிசு ஆகியவற்றின் பயன்பாட்டை ஒழுங்குபடுத்த ஒரு சங்கம் அமைத்தார்கள். வெளியூரார் ஒருவர் டோர்பெல்லில் நிலம் வாங்கினாலும் பொது மேய்ச்சலிலோ மரம் வெட்டுவதிலோ அவருக்கு உரிமை வராது என்றும் அதில் எழுதிவைத்தார்கள். பணம் இருந்தால் வயலை வாங்கலாம். ஊர் உரிமையை வாங்க முடியாது. அந்த உரிமை வேண்டுமென்றால் ஊர் சம்மதிக்க வேண்டும்.

அந்தச் சங்கம் அமைந்து 34 ஆண்டுகள் கழித்து எழுதப்பட்டதுதான் தொடக்கத்தில் நான் சொன்ன குளிர்கால விதி. அதன் நுட்பத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மாடுகள் கோடையில் சில மாதங்கள்தான் மேலே இருக்கும். மீதி நாளெல்லாம் தொழுவத்தில் நிற்கும் மாட்டுக்கு, அவரவர் தம் புல்வயலில் அறுத்து உலர்த்திய புல்லையே போட வேண்டும். ஆக, ஒருவரின் மேய்ச்சல் உரிமை அவர் வைத்திருக்கும் புல்வயலின் அளவோடு கட்டுண்டுவிடுகிறது. கையில் காசுள்ளவர் கோடைத் தொடக்கத்தில் சந்தையில் பத்து மாடுகளை வாங்கி மேலே ஓட்டி, பொதுப் புல்லில் கொழுக்க வைத்து, பனி விழுமுன் விற்று லாபம் பார்க்கும் வழி இந்த விதியால் அடைபட்டது.

இன்னொன்று, இந்த விதியை மீறினால் மறைக்க முடியாது. நிலத்தின் தாங்குதிறன் எவ்வளவு என்று யாரும் ஆய்வு நடத்தத் தேவையில்லை. ஒருவர் தொழுவத்தில் குளிர்காலத்தில் எத்தனை மாடு நின்றது என்பது பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியும். சிறிய ஊர், பனிக்காலம், வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் மாதங்கள். தெரியாமல் எப்படி இருக்கும்? மாடுகள் மேலே போன உடனேயே எண்ணிக்கை எடுத்துவிடுவார்கள். அதிகமாக ஓட்டியவருக்கு அபராதம். அபராதத்தில் பாதி, அதை வசூலித்த ஊர் அலுவலருக்கே சேரும். கண்காணிப்பவருக்குக் கண்காணிப்பதில் அக்கறை வரவேண்டுமல்லவா!

மாட்டுக்காரர் ஒவ்வொருவரும் மேலே போய்த் தங்குவதில்லை. சங்கம் அமர்த்திய சில மேய்ப்பர்கள் எல்லா மாடுகளையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டு, பாலைச் சேர்த்துப் பாலாடைக்கட்டி செய்வார்கள். பருவம் முடிந்ததும் மாட்டு எண்ணிக்கைக்கு ஏற்பப் பாலாடைக்கட்டி பங்காகும். வேலையும் அதே விகிதத்தில்தான். பனிச்சரிவில் உடைந்த பட்டியைக் கட்டுவது, பாதையைச் சீர் செய்வது, சாணத்தை மேய்ச்சல் வெளியில் பரப்புவது என ஆண்டுதோறும் செய்ய வேண்டிய வேலைகளில், அதிக மாடு ஓட்டுபவர் அதிக நாள் உழைக்க வேண்டும், அல்லது அதற்கான தொகையைக் கட்ட வேண்டும். சங்கம் ஆண்டுக்கொரு முறை கூடி விதிகளைப் பேசி, பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுத்தது.

நம் குடிமராமத்தை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. நீர் பாயும் நிலத்தின் அளவுக்கு ஏற்ப ஆள் அனுப்பிக் கண்மாயைத் தூர்வாரிய ஊர்கள் நம்மிடம் இருந்தன. 1858-இல் சென்னை மாகாண அரசு கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவந்து அந்த வழக்கத்தைச் சட்டத்துக்குள் இழுத்தது. ஊர் தன் விருப்பத்தில் வைத்திருந்த கடமை, அரசு விதித்த கட்டாயமாகும்போது என்ன மாறுகிறது என்பது மேல்நிலை வகுப்பில் விவாதிக்கத் தக்க கேள்வி.

இனி வகுப்பறைக்கு வருகிறேன். 1968-இல் அமெரிக்க உயிரியலாளர் காரெட் ஹார்டின் ஒரு கட்டுரை எழுதினார். எல்லாருக்கும் திறந்துவிட்ட மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவரும் இன்னொரு மாட்டைச் சேர்ப்பதே தமக்கு லாபம் என்று கணக்கிடுவார்கள். லாபம் சேர்த்தவருக்கு, நட்டம் எல்லாருக்கும். முடிவில் நிலம் அழியும் என்பது அவர் வாதம். பொதுவில் உள்ளதெல்லாம் பாழாகத்தான் போகும், ஒன்று அரசிடம் கொடு, இல்லையேல் தனியாருக்குப் பிரித்துக் கொடு என்று பலரும் பேச இந்தக் கட்டுரை வழிவகுத்தது. இதைக் கரும்பலகையில் விளக்குவதைவிட ஒரு விளையாட்டாக நடத்துவது எளிது.

ஒரு கிண்ணத்தில் 40 புளியங்கொட்டைகள். நான்கு குழுக்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு குழு 10 கொட்டைகள் வரை எடுக்கலாம். எடுத்தது போக மிஞ்சியதை நான் இரட்டிப்பாக்குவேன். ஆனால் 40-க்கு மேல் போகாது. புல் முளைப்பதைப் போல. முதல் ஆட்டத்தில் பேசக் கூடாது. குழுவுக்கு 7 எடுத்தார்கள் என்று வையுங்கள்: 28 போய் 12 மிஞ்சும், அது 24 ஆகும், அடுத்த சுற்றில் ஆளுக்கு 6 எடுத்தால் கிண்ணம் காலி. பெரும்பாலும் இரண்டு மூன்று சுற்றுகளில் ஆட்டம் முடிந்துவிடும். இரண்டாம் ஆட்டத்துக்கு முன் ஐந்து நிமிடம் பேச விடுவேன். குழுவுக்கு 5 எடுத்தால் 20 மிஞ்சும், அது மறுபடி 40 ஆகும், இப்படியே எத்தனை சுற்று வேண்டுமானாலும் போகும் என்று யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடித்துச் சொல்லும். அதோடு சிக்கல் தீர்வதில்லை. "அவங்க 6 எடுத்தா யார் டீச்சர் பாக்கிறது?" என்ற கேள்வி உடனே எழும். எண்ணுவதற்கு ஒருவரைப் போடுவார்கள். எண்ணுபவருக்கு என்ன தருவது என்று சண்டை வரும். இந்த இடத்தில்தான் நான் டோர்பெல் அபராதத்தில் பாதியைப் பற்றிச் சொல்வேன். ஆட்டத்துக்கு முன்பே சொன்னால் அது மனப்பாடச் செய்தியாகிவிடும்.

ஹார்டினுக்கு விடை சொன்னவர் எலினார் ஆஸ்ட்ரம். 1990-இல் வெளிவந்த அவருடைய நூல், நெடுங்காலம் பிழைத்த பொதுவள ஏற்பாடுகளை ஆராயும்போது முதலில் எடுத்துக்கொள்வது டோர்பெல்லைத்தான். அதன்பின் ஜப்பானிய மலையூர்கள், ஸ்பெயினின் பாசன வாய்க்கால்கள், பிலிப்பைன்ஸின் நீர்ச் சங்கங்கள் என்று போகிறது. ஹார்டின் வரைந்தது காவலும் விதியும் இல்லாத வெளி. உறுப்பினர் யார், எவ்வளவு எடுக்கலாம், மீறினால் என்ன என்று தீர்மானித்துவைத்த பொதுச்சொத்து அதிலிருந்து வேறுபட்டது என்பதை ஆஸ்ட்ரம் காட்டினார். 2009-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற முதல் பெண் அவர். ஹார்டினும் பின்னாளில், தாம் சொன்னது நிர்வகிக்கப்படாத பொதுவளத்தைப் பற்றியே என்று விளக்கம் எழுதினார். நம் மாணவர் சொன்ன 'யாருக்கும் சொந்தமில்லை' என்பது ஹார்டினின் நிலம். 1483-இல் டோர்பெல் மக்கள் கையெழுத்திட்டது வேறு வகை நிலத்துக்கு.

டோர்பெல் பற்றிய அடிப்படை ஆய்வைச் செய்தவர் ஆஸ்ட்ரம் அல்ல. ராபர்ட் நெட்டிங் என்ற மானிடவியலாளர். அதற்கு முன் நைஜீரியாவின் மலை உழவர்களிடையே ஆய்வு செய்தவர். 1970களின் தொடக்கத்தில் டோர்பெல்லில் தங்கி, தேவாலயத்தின் ஞானஸ்நான, திருமண, இறப்புப் பதிவேடுகளை உட்கார்ந்து படித்துக் குடும்பம் குடும்பமாகச் சேர்த்துக் கட்டினார். 1981-இல் அவர் நூல் வெளிவந்தது. மேய்ச்சல் வெளி ஏன் பிரிக்கப்படவில்லை என்பதற்கு அவர் தரும் விளக்கம் எனக்கு நிறைவாக இருக்கிறது. உயர வெளியில் ஓர் ஏக்கருக்குக் கிடைக்கும் புல் மிகக் குறைவு. ஒரு பக்கத்தில் இவ்வாண்டு புல் நன்றாக வரும். மறு ஆண்டு பனி உருகத் தாமதித்தால் வராது. எரு போட்டு உழைத்தாலும் விளைச்சலைப் பெரிதாகக் கூட்ட முடியாது. பயன்படுத்த வேண்டுமானால் பரந்த இடம் வேண்டும். பாதை போடவும் பட்டி கட்டவும் பலர் சேர வேண்டும். இப்படிப்பட்ட நிலத்தைத் துண்டு போட்டால், வேலிக்கே காணாது. மாறாக, தோட்டமும் வயலும் உழைக்க உழைக்கக் கூடுதலாகத் தரும். அவற்றைத் தனிச்சொத்தாக வைத்தார்கள். தனியுடைமையா பொதுவுடைமையா என்று பட்டிமன்றம் நடத்தாமல், எந்த நிலத்துக்கு எது ஏற்றது என்று பார்த்திருக்கிறார்கள்.

காட்டைப் பயன்படுத்திய முறையும் சுவையானது. வெட்டத் தக்க மரங்களை ஊர் அலுவலர்கள் போய் அடையாளமிட்டு வருவார்கள். வீடுகள் குழுக்களாகச் சேர்ந்துகொள்ளும். எந்தக் குழுவுக்கு எந்த மரங்கள் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பார்கள். நல்ல மரம் தமக்கு வரும் என்று நம்பி யாரும் அடையாளமிடுபவரைக் கவனிக்க முடியாது; எது யாருக்கு வரும் என்று அவருக்கே தெரியாதே. உத்திரமேரூர்க் குடவோலையைப் படித்த நம் மாணவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். ஒப்பிடும்போது ஒன்றையும் சேர்த்துச் சொல்வேன்: உத்திரமேரூரிலும் ஓலையில் பெயர் எழுதப்படுவதற்கே சொந்த நிலம், சொந்த மனை, வேதக் கல்வி எனத் தகுதிகள் இருந்தன. குலுக்கல் நேர்மையானது, குடத்துக்குள் யார் பெயர் போகலாம் என்பது வேறு கேள்வி.

தண்ணீர் விஷயத்தில் எனக்கு வியப்பளித்தது வேறொன்று. மழை குறைந்த சரிவாதலால், மேலே பனி உருகும் ஓடைகளிலிருந்து மலையை ஒட்டி நீண்ட வாய்க்கால்கள் வெட்டி, புல்வயல்களுக்கு நீர் கொண்டுவருகிறார்கள். முறை வைத்துத்தான் நீர். நெட்டிங் இதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதினார். அதன் தலைப்பின் பொருள், யாருக்கும் தெரியாத ஏற்பாடு என்பதாகும். ஒவ்வொருவருக்கும் தன் முறை எப்போது, தனக்கு முன் யார், பின் யார் என்பது துல்லியமாகத் தெரியும். முழு ஏற்பாட்டையும் அறிந்தவர் என்று ஒருவரும் இல்லை. அப்படி இருந்தும் நீர் தவறாமல் பாய்ந்தது. வாலே மாநிலத்தின் மலையூர்கள் பலவற்றில் நீர் உரிமையையும் மேய்ச்சல் உரிமையையும் மரத்துண்டுகளில் கீறல்களாகக் குறித்து வைத்திருந்தார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குறி. எழுத்தறிவு பரவாத காலத்தில் இதுவே பதிவேடு.

இவ்வளவும் கேட்ட பிள்ளைகள், 'நல்ல ஊர்' என்று முடிவு கட்டிவிடுவார்கள். பாடம் அங்கே நின்றால் பாதிதான். நிலம் கூடவில்லை, மேய்ச்சல் கூடவில்லை. ஊர் மட்டும் எப்படிப் பெருகாமல் இருந்தது? தேவாலயப் பதிவேடுகள் விடை சொல்கின்றன. அங்கே திருமணங்கள் தாமதமாக நடந்தன. திருமணமே செய்யாமல் வாழ்ந்து முடிந்தவர்கள் நிறைய. குழந்தைகளுக்கு இடையே நீண்ட இடைவெளி. பலர் ஊரை விட்டே போனார்கள். சொத்தில் சம பங்கு உண்டு, ஆனால் அந்தப் பங்கில் ஒரு குடும்பத்தை நடத்த முடியாது என்னும்போது, அண்ணனும் தம்பியும் பிரிக்காத வீட்டில் வயதாகும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மேய்ச்சல் வெளி காப்பாற்றப்பட்டதற்கு இவர்களும் விலை கொடுத்திருக்கிறார்கள். பின்னர் உருளைக்கிழங்கு வந்தது. அதே துண்டு நிலத்தில் கூடுதல் வயிறுகள் நிறைந்தன. 19ஆம் நூற்றாண்டில் மக்கள்தொகை ஏறியது. நிலத்தின் மீதான நெருக்கடியும் ஏறியது.

விதிகளை எல்லாரும் வாக்களித்து முடிவு செய்தார்கள் என்று படிக்கும்போது, அந்த 'எல்லாரும்' யார் என்று மாணவிகள் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நாம் கேட்க வைக்க வேண்டும். மகளுக்குச் சொத்தில் சம பங்கு கொடுத்த அதே ஊர்களில், அவளுக்கு வாக்கு கிடையாது. சுவிட்சர்லாந்துப் பெண்களுக்குக் கூட்டாட்சித் தேர்தல்களில் வாக்குரிமை 1971-இல்தான் கிடைத்தது. நாம் 1952 பொதுத் தேர்தலிலேயே வாக்களித்துவிட்டோம். டோர்பெல்லுக்கு அதிகத் தொலைவில்லாத உன்டர்பெஹ் என்ற மலையூர், 1957 மார்ச்சில் நடந்த ஒரு தேசிய வாக்கெடுப்பில் மேலிடத்தின் மறுப்பையும் மீறித் தன் பெண்களை வாக்களிக்க அழைத்தது. 33 பெண்கள் வந்தார்கள். அவர்கள் வாக்குகள் கணக்கில் சேர்க்கப்படவில்லை. பெண்களையும் பொதுப்பாதுகாப்புப் பணிக்குக் கடமைப்படுத்தலாமா என்பதுதான் அன்றைய வாக்கெடுப்பின் பொருள். ஆண்கள் மட்டும் எப்படி முடிவு செய்வது என்று ஊராட்சி கேட்டது. ஒரே மாநிலத்தின் இரண்டு சிற்றூர்கள். ஒன்று 1517-இலும் மற்றொன்று 1957-இலும் எடுத்த முடிவுகள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நடத்தினால் உள்ளாட்சிப் பாடத்துக்கு உயிர் வரும்.

நெட்டிங்குக்குத் தேவாலயப் பதிவேடு கிடைத்ததைப் போல நமக்கும் சில கிடைக்கும். தலைமையாசிரியர் அறை அலமாரியில் இருக்கும் பழைய சேர்க்கைப் பதிவேடு, எந்தத் தெருப் பிள்ளைகள் எந்த ஆண்டில் முதன்முதலாகப் பள்ளிக்கு வந்தார்கள் என்று சொல்லும். தனிப்பட்டோர் விவரங்கள் வெளியே போகாமல், ஆண்டு வாரியாக எண்ணிக்கை மட்டும் எடுக்கச் சொல்லலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேட்டில் மேய்ச்சல் புறம்போக்கும் நீர்நிலையும் தனித்தனிப் புல எண்ணோடு இருக்கும். மாணவர்களைப் பாட்டி தாத்தாக்களிடம் அனுப்பி, மாடுகள் எங்கே மேய்ந்தன, மந்தை எங்கே கூடியது, கண்மாயில் மீன் பிடிக்க யாருக்கு எப்போது உரிமை இருந்தது, எந்தத் தெருக்காரர்களுக்கு அந்த உரிமை மறுக்கப்பட்டது என்று கேட்டு வரச் சொல்கிறேன். கடைசிக் கேள்விக்குச் சில வீடுகளில் பதில் வராது; சில வீடுகளில் அந்த ஒரு கேள்விக்கே நோட்டு நிரம்பிவிடும். இரண்டையும் அப்படியே வகுப்பில் வாசிக்க விடுவதா என்பதை அந்தந்த வகுப்பை அறிந்த ஆசிரியர்தான் தீர்மானிக்க வேண்டும். நான் பெயர்களை எடுத்துவிட்டு நானே வாசிக்கிறேன்.

டோர்பெல்லின் பிற்காலத்தையும் மாணவர்கள் கேட்பார்கள். 20ஆம் நூற்றாண்டில் கீழே ஃபிஸ்ப் நகரில் வேதித் தொழிற்சாலை வந்தது. மலைக்குச் சாலை வந்தது. காலையில் ஆலைக்குப் போய், மாலையில் புல்லறுக்கும் வாழ்க்கை தொடங்கியது. ரை வயல்கள் புல்வயல்களாயின. மாடு வைத்திருப்போர் குறைந்தார்கள். ஆல்ப்ஸ் மலைகள் நெடுகிலும் மாடு ஏறாத மேய்ச்சல் வெளிகளில் புதர் ஏறுகிறது. புதருக்குப் பின்னால் காடு வருகிறது. மேயும் வாய் அதிகமாகிவிடக் கூடாதே என்று 1517-இல் கவலைப்பட்டார்கள். இன்றைய கவலை, மேய வாய் இல்லையே என்பது. மலை மேய்ச்சலைக் காக்க சுவிஸ் அரசு இப்போது மானியம் தருகிறது. ஒவ்வொரு மேய்ச்சல் வெளிக்கும் இத்தனை மாடுகள் என்று ஓர் அளவு நிர்ணயித்திருக்கிறார்கள். அந்த அளவைத் தாண்டி ஓட்டினாலும் மானியம் குறையும்; அதற்கு மிகவும் கீழே போனாலும் குறையும். கோடை தொடங்கியதும் மேலே போய் மாடுகளை எண்ணும் வேலை இன்னும் இருக்கிறது.